முதல் தளத்து மாப்பிள்ளையை மாற்றிக் கொடுத்த விவகாரம்

ஆர்ன்ட்ஸ்வில், விஸ்கான்சின்
ஜூலை மாதம், மழை விட்ட செவ்வாய்க்கிழமை

என் பிரியமுள்ள தங்கை கொரினுக்கு உன் அண்ணன் நார்பர்ட் எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் சுகம். வலது முழங்காலைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அங்கே டூசான் வெயிலில் நீயும், பிள்ளை பெற்ற உன் மகள் ஜனெலும், அஞ்சலட்டையில் நீ பெயர் மட்டும் எழுதி அனுப்பிய குட்டி மேவிஸும் எந்தக் குறையுமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியில் சொல்லக்கூடிய விஷயம்தான் இது. ஆனால் தொலைபேசியில் நீ நடுவில் பேசுவாய். காகிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது.

ஊரில் யாராவது உன்னைக் கூப்பிட்டு, "உங்க அண்ணன் உங்க வீட்டுக்காரரை வித்துட்டார்" என்று சொல்லியிருந்தால் அதை நம்பாதே. நான் விற்கவில்லை. மாற்றிக் கொடுத்தேன். விற்பதற்கும் மாற்றிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, நொறுங்கிய கார்களுக்கு மதிப்புப் போட்டே காப்பீட்டுக் கம்பெனியில் ஓய்வு பெற்ற எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். நீ மே மாதக் கடைசியில் ஊரைவிட்டுப் போகும்போதே நம் நாரைகள் அணி, அறுபது தாண்டியோர் பேஸ்பால் லீகில் கடைசி இடத்தில் இருந்தது உனக்குத் தெரியும். மட்டை பிடிக்க ஆள் இருந்தது. பந்தெறியத்தான் ஆள் இல்லை. எறிந்தவர்களும், எதிராளி அடிப்பதற்குத் தோதாக எங்கே போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எறிவது போலத்தான் எறிந்தார்கள். அணியின் மேலாளர் என்ற முறையில் நான் ஒரு வாரம் உட்கார்ந்து நம் ஆட்கள் அத்தனை பேருக்கும் மதிப்புப் போட்டேன். கார்களுக்குப் போட்ட அதே முறைதான். என்ன வயது, எவ்வளவு ஓடியிருக்கிறது, எங்கே எங்கே பழுது பார்த்திருக்கிறது, எந்தப் பாகம் புதிது, மழையில் கிளம்புமா. இதில் முதல் தளத்தைக் காக்கும் நம் மாப்பிள்ளை கிளேட்டன்தான் அணியிலேயே முதலாவதாக வந்தார். இரண்டு இடுப்பு மூட்டும் புதிது என்பதால் அவருக்குத் தனியாகக் கூடுதல் மதிப்பெண் கொடுத்திருந்தேன். நம் குடும்பத்துக்கே பெருமையாக இருந்தது. ஆனால் மதிப்பு உச்சத்தில் இருக்கும்போதுதான் ஒரு பொருளைக் கைமாற்ற வேண்டும். அடுத்த வருடம் அதே இடுப்பு கிறீச்சிட்டால் யார் சீந்துவார்கள்? அவருடைய நன்மைக்காகத்தான் முடிவெடுத்தேன் என்று சொல்ல வந்தேன். சரி, அணியின் நன்மைக்காக என்றே வைத்துக்கொள்.

அக்கரை நீர்நாய்கள் அணியின் மேலாளர் மார்லிஸ், அதுதான் நம் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவள், வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். அவளிடம் வெர்ன் ஸ்கோக்லண்ட் இருந்தார். இடது கையால் பந்தெறிபவர். அவருடைய மூன்று வருடக் கணக்கைப் பார்த்தால் எதிரணிக்கு ஓட்டம் கொடுப்பதென்றால் அவருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது போல. நான் கோஸ் சாலடை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தேன். அவள் யோசித்தாள். வேண்டாம் போலிருக்கிறது என்றாள். தன் பக்கத்து ஆட்கள் வருத்தப்படுவார்கள் என்றாள். நான் விடுவேனா? கடைசியில், பயிற்சிக்கு நாம் கட்டும் வலையையும் சேர்த்துக் கொடுத்தால் பார்க்கலாம் என்றாள். கொடுத்தேன். எழுந்து போகும்போது மட்டும், "வீட்ல கேட்டீங்களா?" என்றாள். ஆடுகிறவரைக் கேட்க வேண்டியதில்லை என்பது லீகின் விதி என்று எடுத்துச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள். தோற்றவர்கள் சில சமயம் அப்படிச் சிரிப்பதுண்டு.

மறுநாள் காலை உன் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கார் கொட்டகையில் புல்வெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் பிளேடைத் தீட்டிக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவர் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"யாருக்குப் பதிலா?" என்றார்.

"வெர்னுக்கு."

"வெர்னும், கூட வேற யாரு?"

"வெர்ன் மட்டும்தான்."

பிளேடைக் கீழே வைத்தார். துணியால் கையை ரொம்ப நேரம் துடைத்தார். "ஒருத்தனுக்கு ஒருத்தனா? அதுவும் வெர்ன்? கூட ஒரு ஆள் கேக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா, மச்சான்?"

மாற்றியதற்கு அவர் கோபப்படவில்லை, கொரின். கிடைத்தது குறைச்சல் என்பதுதான் அவர் வருத்தம். இதில் நம் பயிற்சி வலையும் சேர்ந்து போகிறது என்ற விவரத்தை அப்போது நான் சொல்லவில்லை. அதற்கான சந்தர்ப்பமாக அது தெரியவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நான் மேலாளர் என்ற மிடுக்கில், இனிமேல் அவர் எதிரணி ஆள் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவது முறையாக இருக்காது, நம் அணியின் யோசனைகள் மேஜையில் கசிந்துவிடும் என்றும் சொல்லிவைத்தேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் புல்வெட்டியை நிமிர்த்தினார். அன்றிலிருந்து வரவில்லை. தொலைபேசியில் இரண்டொரு முறை கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. முறை என்று ஒன்று வைத்தால் அதைக் காப்பாற்ற வேண்டாமா? மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வேகவைக்கிற அந்தப் பெரிய பானையில் ஒரு ஆளுக்குச் சமைத்தால் எல்லாம் அடியில் பிடித்துக்கொள்கிறது என்பதை மட்டும் சமையல் விஷயமாக உனக்குத் தெரிவிக்கிறேன்.

இனி வெர்ன். மனிதர் எறிகிற பந்து நல்ல பந்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பந்தெறிபவர் என்றால் எதிரே குந்தி உட்கார்ந்து அதைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும், அவர் விரலால் ரகசியமாகச் சைகை காட்ட வேண்டும், இவர் அதைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். நம் அணியில் பிடிப்பவர் ஹார்லன். ஹார்லனை விட்டுவிட்டுப் போன மனைவி இப்போது யார் வீட்டில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், கடைக்குப் பால் கொண்டுவருகிறவனுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாது. என் மதிப்புக் கணக்கில் முழங்காலுக்கு இடம் இருந்தது, முதுகெலும்புக்கு இடம் இருந்தது, பெண்டாட்டிக்கு இடம் இல்லை. முதல் ஆட்டத்தில் வெர்ன் களத்தில் நிற்கிறார், ஹார்லன் எதிரே குந்துகிறார், இருவரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் ஹார்லன் ஒரே ஒரு விரலைக் காட்டினார். அது எந்தப் பந்துக்கான சைகையும் அல்ல. அந்த விரலையே ஆட்டம் முழுக்கக் காட்டினார். வெர்னும் சளைக்காமல் தன் பலம் முழுவதையும் சேர்த்து ஹார்லனின் நெஞ்சுக்கு நேராக ஒரே மாதிரி எறிந்தார். எதிரணிக்காரர்கள் இரண்டாவது சுற்றுக்குள் அதைப் புரிந்துகொண்டு, நெஞ்சு உயரத்தில் மட்டையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அதற்கு மேல் அந்த ஆட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

நான் இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசினேன். ஹார்லன், "அவருக்கு நான் ஏற்கெனவே குடுத்தது போதும்" என்று சொல்லிவிட்டுத் தன் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டார்.

அப்புறம் போன சனிக்கிழமை நீர்நாய்களோடு நமக்கு ஆட்டம் வந்தது. இதை நீ யார் மூலம் கேள்விப்பட்டிருந்தாலும் சரியான விவரம் என்னுடையதுதான், ஏனென்றால் சம்பந்தப்பட்டவன் நான். கடைசிச் சுற்று, நாம் ஒரே ஒரு ஓட்டம் பின்னால், இன்னும் ஒருவர் அவுட்டானால் ஆட்டம் முடிந்துவிடும். என் முறை. நான் அடித்த பந்து மூன்றாவது தளத்துக்காரரின் கால்களுக்கு நடுவே புகுந்து போனது. அதை அவர் பிழை என்கிறார்கள், நான் குறிபார்த்தேன் என்கிறேன். ஓடினேன். அது ஓடுவதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். வலது முழங்கால் அங்கேதான் போயிற்று. பந்து வருவதற்குள் முதல் தளத்தில் கால் வைத்துவிட்டேன். அங்கே யார் நிற்கிறார்? மாப்பிள்ளை.

உனக்கு அவரைத் தெரியும். முதல் தளத்துக்கு வந்து சேர்கிற எதிராளியிடம் அவர் பேச்சுக் கொடுப்பார். முழங்கால் அறுவைச் சிகிச்சை எப்படிப் போச்சு, வீட்டுக் கூரை போட்டாயிற்றா, மகன் வேலை என்னாயிற்று என்று கேட்கக் கேட்க அவன் ஓடுவதையே மறந்துவிடுவான். நம் அணியில் இருந்தவரை அது எனக்கு எரிச்சலாக இருந்தது. கவனம் சிதறுகிறது என்று பல முறை கண்டித்திருக்கிறேன். அதனால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அவரும் என் முழங்காலைப் பற்றிக் கேட்கவில்லை. "படம் வந்திருக்கு, மச்சான்" என்றார்.

"என்ன படம்?"

"குழந்தை படம்."

பின் பையிலிருந்து கைபேசியை எடுத்து நீட்டினார். என் கைபேசியில் படம் வராது, ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால்தான் நான் எதையும் பார்ப்பது வழக்கம். மூக்குக் கண்ணாடி இல்லாமல் அது எனக்கு ஏதோ பிரெட் உருண்டை போலத் தெரிந்தது. "இப்படி நிழலுக்கு வாங்க, வெயில்ல தெரியாது" என்றார். வந்தேன். கொரின், குழந்தைக்கு நம் அம்மாவின் தாடை. அந்தக் குட்டி முகத்தில் அந்தத் தாடையை வைத்துக்கொண்டு, யாரோ அதனிடம் தவறான மீதிச் சில்லறை கொடுத்துவிட்டது போல முறைக்கிறது. நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தோளில் மெத்தென்று ஏதோ பட்டது. மாப்பிள்ளையின் கையுறை. உள்ளே பந்து. அதுவரை அவர் அதை யாருக்கும் எறியாமல் அங்கேயே வைத்திருந்திருக்கிறார். தளத்தில் கால் இருக்கிற வரைக்கும்தான் பாதுகாப்பு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் கால் நிழலில் இருந்தது.

"அவுட், மச்சான்" என்று மெதுவாகச் சொன்னார். நடுவரும் அவுட் என்றார், ஆனால் அவரும் கிட்டே வந்து படத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஆட்டம் முடிந்தது.

நான் தோற்றேன் என்று இதற்கு அர்த்தமில்லை. மாப்பிள்ளையின் மதிப்பு பற்றி நான் போட்ட கணக்கு சரி என்று இது காட்டுகிறது அல்லவா? ஆகவே அவரைத் திரும்பக் கேட்பதென்று முடிவு செய்து மார்லிஸிடம் பேசினேன். அவள் இப்போது வெர்னையும், களத்தின் இடது ஓரத்தில் நின்று பந்து பிடிக்கும் நம் ஆளையும், நீர்நாய்களின் சீருடைகளைப் பருவம் முடியும்வரை நானே துவைத்துத் தருவதாக ஒரு வாக்கையும் கேட்கிறாள். அநியாயம். மாப்பிள்ளையின் ஆட்டம் கொஞ்சம் இறங்கினால் அவளும் இறங்கி வருவாள். இங்கேதான் உன் உதவி தேவைப்படுகிறது. நீ ஒரு பத்து நாள் மாப்பிள்ளையிடம் தொலைபேசியில் ஏதாவது ஒரு விஷயத்துக்குச் சண்டை போடு. காரணம் உனக்கா கிடைக்காது? மனசு கலங்கி இரண்டு ஆட்டத்தில் பந்தை நழுவவிட்டாரென்றால் விலை தானாக இறங்கும், நான் வாங்கிவிடுவேன், நீ சமாதானமாகிவிடலாம். அவரும் பழையபடி ஞாயிற்றுக்கிழமை வரலாம். பானையைக் கழுவும் வேலை எனக்குக் குறையும், வேறு காரணம் இல்லை.

ஜனெலுக்கு என் ஆசி. அவள் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கட்டும். மேவிஸ் நீண்ட ஆயுளோடும் நல்ல பார்வையோடும், அந்தத் தாடையைத் தாங்கும் பொறுமையுள்ள ஒரு குடும்பத்தோடும் வளரட்டும். உனக்கு எப்போதும் போல என் அன்பு.

உன் அண்ணன்,
நார்பர்ட் டீட்ஸ்
மேலாளர், நாரைகள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டித் தபால்தலையும் வைத்துவிட்ட பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். மாப்பிள்ளை வாசலுக்கு வந்து கதவைத் தட்டினார், கூடவே மார்லிஸ். வெளியே நிற்க வைக்க முடியுமா? உள்ளே வந்து உட்கார்ந்து, சுற்றி வளைத்து, கடைசியில் மார்லிஸ்தான் சொன்னாள். நீ ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரமே அவளைக் கூப்பிட்டு, "எங்க அண்ணன் எங்க வீட்டுக்காரரை ஆடவிடமாட்டேங்கிறான், ஒவ்வொரு பந்துக்கும் பாடம் நடத்துறான், இவரும் அவன் மனசு நோகும்னு வாயைத் திறக்க மாட்டார், ஒரு சீசனுக்கு உங்க பக்கம் இழுத்துக்குங்க" என்று சொன்னாயாமே. வெர்னைக் காட்டினால் நான் பாய்ந்து விழுவேன் என்றும் நீயே சொல்லிக்கொடுத்தாயாம். வலை மட்டும்தான் மார்லிஸின் சொந்த யோசனையாம். மாப்பிள்ளைக்கு இதெல்லாம் போன சனிக்கிழமைதான் தெரியுமாம், நான் நம்புகிறேன். குழந்தை படத்தை என்னிடம் காட்டச் சொல்லி மூன்று வாரமாக நீ அவரை நச்சரித்தாயாம். "நீங்க ஃபோனையும் எடுக்கல, வீட்டுக்கும் வரக்கூடாதுன்னுட்டீங்க. முதல் தளத்துக்கு எப்ப வருவீங்கன்னுதான் காத்திருந்தேன், மச்சான்" என்றார்.

ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்க வேண்டாம், சண்டையும் போட வேண்டாம். சாயங்காலம் அணியினர் கூடி, ஒரு தொலைபேசி அழைப்பில் ஒரு முதல் தளத்துக்காரரையும் ஒரு பந்தெறிபவரையும் இடம் மாற்றக்கூடியவர்தான் அடுத்த வருடம் நாரைகளுக்கு மேலாளராக வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். ஹார்லன்தான் உன் பெயரைச் சொன்னார். ஆதரிப்பவர்கள் கையைத் தூக்கச் சொன்னார்கள். நான் என் தோள்வலி இல்லாத கையைத் தூக்கினேன். எனக்கு என்ன மதிப்புப் போடப் போகிறாய் என்பதை மட்டும் முன்கூட்டியே ஒரு அஞ்சலட்டையில் எழுது.