கொக்குகளுக்கு ஜாமீன் நின்ற குடை

பம்பாய் முழுவதிலும் மழைக்காகக் குடை பிடிக்காத ஒரே மனிதர் எங்கள் குடை மாமாதான். கொட்டுகிற மழையில் தான் தெப்பலாக நனைந்துகொண்டு அடுத்தவர் தலைக்குப் பிடிப்பார். வெயிலிலும் பிடிப்பார். வானத்திலிருந்து எது விழுந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை. மரத்திலிருந்து விழுவதுதான் கவலை.

அறுபதுகளில் மாதுங்காவில், கல்யாணமாகாத நான்கு குமாஸ்தாக்களில் ஒருவனாக ஓர் அறையில் குடியிருந்தேன். கட்டட வாசலில் ஒரு பிரம்மாண்டமான தூங்குமூஞ்சி மரம். மழைக்காலம் வந்தால் கொக்குகள் அதில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். கேட்டிலிருந்து தெருமுனை வரை மரத்தின் கீழேதான் நடந்தாக வேண்டும். சலவைச் சட்டையோடு கிளம்பியவர் முனைக்குப் போவதற்குள் முதுகில் முத்திரை விழுந்துவிடும். மீன் தின்கிற பறவையின் முத்திரை. அப்புறம் ரயிலில் பக்கத்தில் ஒருவரும் நிற்க மாட்டார்கள். அது ஒரு வசதிதான் என்றாலும், யாரும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டடத்தின் செகரட்டரி, மரத்தை வெட்டச் சொல்லி முனிசிபாலிட்டிக்கு மனு எழுதினார். எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன். மறுத்தவர் இரண்டாம் மாடி ஸ்டெனோ ஒருவர்தான்.

"கூட்டில குஞ்சு இருக்கு சார். அதுகள் பறக்கற வரைக்கும் டயம் குடுங்கோ."

"அதுவரைக்கும் எங்க சட்டை?"

"அது என் பொறுப்பு."

"ஒரே ஒரு சட்டை பாழானாலும் மறுநாளே மனு போயிடும். சம்மதமா?" என்றார் செகரட்டரி. ஸ்டெனோ தலையாட்டினார்.

மறுநாள் ஏழரை மணிக்கு கேட்டில் நின்றார். கையில், கீழே ஒரு குடித்தனமே நடத்தக்கூடிய கறுப்புக் குடை. எங்களிடம் குடை இல்லாமல் இல்லை. அசிங்கமான குடையை மடக்கி ரயிலில் எடுத்துப்போக யாருக்கும் மனசு வரவில்லை. ஒவ்வொருவரையும் முனை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அடுத்தவருக்காக ஓடி வருவார். இதற்காகவே தன் ஆபீசில் லேட்டாக வந்து லேட்டாகப் போக அனுமதி வாங்கியிருந்தார். ஒரே வாரத்தில் குடை மாமா ஆகிவிட்டார். செகரட்டரியும் மாப்பிள்ளை அழைப்பு போல விறைப்பாக அந்தக் குடையின் கீழேயே நடப்பார். சாயங்காலச் சட்டைகளுக்கு மட்டும் அவர் பெருந்தன்மையாக விலக்கு அளித்திருந்தார். பம்பாய் ரயிலில் வந்திறங்கிய சட்டையில் எது புதுக் கறை என்று யாரால் சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு வேறு டியூட்டி. தாராவிப் பக்கம் மித்தி ஆற்றங்கரைக்குப் போய், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றில் இறங்கி, அலையாத்திச் செடிகளில் சிக்கிய கயிற்றையும் வலைத் துண்டையும் அறுத்தெடுப்பார். இரை தேட வரும் கொக்குகளின் காலில் மாட்டிக்கொள்ளுமாம். ஒரு தரம் நானும் போனேன். கரையோரம் கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் கேட்டார்:

"ஏன் சாமி, லீவு நாளும் அதுவுமா இந்தச் சகதிக்குள்ள என்ன செய்யுதிய?"

"எங்க பில்டிங் குழந்தைகள் சாப்பிட வர்ற இடம் அண்ணாச்சி. தட்டு சுத்தமா இருக்க வேண்டாமா?"

அண்ணாச்சி மறுவாரத்திலிருந்து தன் கடைக் குப்பையை அங்கே கொட்டவில்லை. கொட்ட வந்தவர்களையும் விரட்டினார் என்று கேள்வி.

ஆகஸ்டில் என் வேலையை நிரந்தரமாக்குவதற்கான இன்டர்வியூ வந்தது. இருந்த ஒரே நல்ல வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு குடைக்குள் புகுந்தேன். முனைக்கு நாலடி இருக்கும்போது அடித்த மழைக்காற்றில் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அந்த ஒரு நொடி போதுமாயிருந்தது. என் வலது தோளில் விழுந்தது சின்ன முத்திரை இல்லை.

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. முனையில் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்த செகரட்டரி திரும்பிப் பார்த்தார்.

"என்னய்யா அது, தோள்ல?"

எனக்கு அழுகையாக வந்தது. இன்டர்வியூ போச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மாமா வளைந்த குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டே மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"சுண்ணாம்பு சார். மாடிப்படில சாஞ்சுட்டேன்," என்றேன் நான்.

செகரட்டரி கிட்டே வந்தார். சுண்ணாம்பில் மீன் வாடை வராது என்பது அவருக்கும் தெரியும். என் தோளைப் பார்த்தார். சொட்டச் சொட்ட நிற்கும் மாமாவைப் பார்த்தார்.

"வெள்ளை அடிச்சு மூணு வருஷமாச்சு," என்றார். "இன்னும் ஒட்டறது பாரு."

தெருக்குழாயில் தோளைக் கழுவிக்கொண்டு ஓடினேன். இன்டர்வியூ நடத்தியவருக்குக் கடுமையான ஜலதோஷம், வேலை நிரந்தரமாயிற்று.

செப்டம்பரில் கடைசிக் குஞ்சும் பறந்துபோனது. செகரட்டரி அந்த மனுவைப் பழைய பேப்பரோடு பேப்பராக எடைக்குப் போட்டுவிட்டார். மறுநாள் காலை கீழே இறங்கினால், கேட்டில் மாமா குடையோடு நிற்கிறார்.

"குஞ்செல்லாம் போயாச்சே மாமா. இன்னும் எதுக்கு?"

"பழகிப் போயிடுத்து. வா."

மழையும் இல்லை, கொக்கும் இல்லை. இரண்டு பேரும் குடைக்கு அடியில் நடந்தோம். அந்தத் தெரு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது.