கடல் இல்லாத மாகாணத்தில் ஒரு கப்பல்

இலங்கையைச் சுற்றி முழுக்கக் கடல் இருந்தும் ஊவா மாகாணத்துக்குக் கடல் கிடையாது. இதைத் தனக்கு நேர்ந்த சொந்த அவமானமாக எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் பசறை பஜாரில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த கப்பல் அண்ணன்தான். அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் அடையாள அட்டையில் இருந்தது. அதற்கு வெளியே யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

பசறையில் சைக்கிள் கடை வைப்பதற்கே தனித் துணிச்சல் வேண்டும். அங்கே ரோடு என்றால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏற்றத்தில் சைக்கிளை நாம் தள்ள வேண்டும். இறக்கத்தில் அது நம்மைத் தள்ளிவிடும். ஆகவே கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சைக்கிளோடு வந்தார்கள், பாதிப் பேர் சிராய்ப்போடு வந்தார்கள். இரண்டு வகையினருக்கும் கப்பல் அண்ணன் கடலைப் பற்றித்தான் பேசினார்.

ஒரு சீசன் முழுக்க அவர் கிழக்குக் கடற்கரையில், பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் ஒரு விடுதியில் வாடகைச் சைக்கிள்களைப் பழுது பார்த்திருந்தார். அங்கே வெள்ளைக்காரர்கள் காலையில் வரிசையாகச் சைக்கிளில் கிளம்புவார்களாம். முன்னால் ஒரு வழிகாட்டி போவானாம். கடலோரமாகவே போய், நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, எல்லாரும் நீந்திவிட்டு, மறுபடி சைக்கிள் ஏறுவார்களாம்.

"லண்டன்ல இருந்து வந்து குளிச்சிட்டுப் போறான் தம்பி. நம்மாளு இந்தா இருக்கிற பொத்துவில்லுக்குப் போனதில்ல. கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டு மலையில ஏறி எறங்கியே ஆயுசு போயிருது. இது என்ன நியாயம்?"

நியாயம் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர். ஒருநாள் கடை வாசலில் பலகை தொங்கியது. 'கடலோர சைக்கிள் சுற்றுலா. வழிகாட்டி உண்டு. நடுவில் நீச்சல் உண்டு. சோறு அவரவர் பார்சல்.'

நான் அப்போது பதுளையில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை செய்துகொண்டு, வாரப் பத்திரிகைகளுக்கு வேடிக்கைக் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன். பலகையைப் பார்த்ததும் அதில் எனக்கு எழுத ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. போய்ப் பெயர் கொடுத்தேன். உடனே சேர்த்துக்கொள்ளவில்லை, நேர்முகத் தேர்வு இருந்தது.

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"காதுல சீழ் வடியுமா?"

"இல்லண்ணே."

"கடலப் பார்த்திருக்கீங்களா?"

மூன்றாவது கேள்விதான் கண்டிப்பானது. கடலைப் பார்த்தவர்கள் எல்லாரையும் அவர் வரிசையின் கடைசிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கொழும்பில் படித்த காலத்தில் காலிமுகத்திடலில் நான் உட்காராத நாள் குறைவு. பக்கத்தில் ஒரு நீச்சல் குளத்தில் முறைப்படி நீந்தவும் கற்றிருந்தேன்.

"பார்த்ததே இல்லண்ணே" என்றேன். ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார்.

பயிற்சி சனிக்கிழமை பின்னேரங்களில் மைதானத்தில் நடந்தது. பாதி நேரம் சைக்கிள், பாதி நேரம் நீச்சல். மைதானத்தில் நீச்சல் எப்படி என்று கேட்பீர்கள். கடையில் ஆட்கள் உட்காரப் போட்டிருந்த நீட்டு வாங்கைத் தூக்கிக்கொண்டு வந்து போடுவார். நாம் அதன்மேல் குப்புறப் படுத்து, அவர் விசில் ஊதுவதற்கேற்பக் கையையும் காலையும் அடிக்க வேண்டும். "தலையத் திருப்பி மூச்செடுங்க. தண்ணி வாயில போகுது பாருங்க" என்று அதட்டுவார். தண்ணீர் அரை மைல் தள்ளி ஒரு குழாயில்தான் இருந்தது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கடலை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்வார்கள். அவர் தானே வாங்கில் படுத்து ஒரு நாளும் செய்து காட்டவில்லை என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பயிற்சிக்கு வந்தவர்களில் செல்வி அக்கா முக்கியமானவர். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். நாற்பது வயதுக்கு மேல் சைக்கிள் பழகி, ஏழு தடவை விழுந்து, எட்டாம் தடவை மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நிறுத்தத் தெரியாமல் இரண்டாம் சுற்றும் போனார். அவரைப் பார்த்து அவர் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையிலிருந்து பாக்கியம் என்ற இன்னொரு பெண்ணும் அடுத்த பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் பழக ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் மரக்கறி லொறி ஒன்றில் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு சைக்கிள்களும் ஏறினோம். மொனராகலை தாண்டி, சியம்பலாண்டுவ தாண்டிப் பொத்துவிலில் இறங்கியபோது நல்ல வெயில். மலைநாட்டு ஆட்களுக்குத் தட்டையான ரோட்டைப் பார்த்தால் சந்தேகம் வரும். பாதிப் பேர் பிரேக்கைப் பிடித்தபடியே மிதித்தார்கள். "எந்த எடத்துல எறக்கம் வரும்னு தெரியாதே அண்ணே" என்றார் ஒருவர்.

கப்பல் அண்ணன் வெள்ளைச் சட்டை, தொப்பி, கழுத்தில் விசில் சகிதம் முன்னால் போனார். வழிகாட்டி என்பதால் வழி நெடுகப் பேசினார்.

"எடது பக்கம் பாருங்க, அந்த மணல்மேட்டுக்கு அங்கிட்டு கடல். வலது பக்கம் பாருங்க. அங்க கடல் இல்ல."

"நேரா போனா என்ன நாடு வரும்ணே?"

"கடல்ல யாரும் நேரா போக மாட்டாங்க. வளைஞ்சு வளைஞ்சுதான் போகணும். பசறை ரோடு மாதிரி."

மணல்மேடு ஒன்று தாண்டிக் கடல் முழுசாகத் தெரிந்த இடத்தில் விசில் ஊதி நிறுத்தினார். செல்வி அக்கா சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் போனை எடுத்து எல்லாரையும் படம் பிடித்தேன்.

கப்பல் அண்ணன் மெல்ல என் பக்கத்தில் வந்தார். "தம்பி, நீங்க கடலப் பார்த்தவரு" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"மொதத் தடவ பாக்கிறவங்களுக்குக் கை ஓடாது. நீங்க வந்ததும் போன எடுத்துட்டீங்க. போகட்டும், ஆசப்பட்டுத்தானே வந்தீங்க. நான் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல."

சொல்லவும் இல்லை. ஆனால் பிடிபட்டவனுக்குப் பிடித்தவர்மேல் ஒரு சின்னக் கோபம் வரும். எனக்கு வந்தது.

நீச்சல் நிறுத்தத்துக்கு அவர் தேர்ந்தெடுத்திருந்தது அலை அதிகம் இல்லாத, இடுப்பளவுத் தண்ணீர் உள்ள ஓரிடம். லொறி டியூப் இரண்டைக் கயிற்றில் கட்டி மிதக்கவிட்டார். எல்லாரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். அவர் மட்டும் காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக் கரையில் நின்று விசில் ஊதினார். வாங்கில் பழகிய கைவீச்சு எதுவும் தண்ணீரில் எடுபடவில்லை. ஆளாளுக்கு உப்புத் தண்ணீர் குடித்துவிட்டுச் சிரித்தார்கள். நான் போன் நனையாமல் ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி கயிற்றின் ஓரமாக நின்றேன். செல்வி அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அலைக்கும் "வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் பெரிதாக ஒரு அலை வந்தது. அக்காவின் கை கயிற்றை விட்டது. ஆள் தெரியவில்லை.

தலை ஒரு தடவை வெளியே வந்து, "அண்ணே" என்று ஒரு சத்தம் வந்து, மறுபடி உள்ளே போனது.

கப்பல் அண்ணன் குதித்தார். சட்டை, தொப்பி, கைக்கடிகாரம், விசில் எல்லாவற்றோடும் குதித்தார். குதித்தவர் நேரே அடிக்குப் போனார். அதற்குள் செல்வி அக்காவின் கால் தரையில் பட்டு அவர் எழுந்து நின்றுவிட்டார். நின்ற பிறகுதான் பக்கத்தில் ஒரு தொப்பி தனியாக மிதப்பதைப் பார்த்தார். கையை விட்டுத் துழாவி, கப்பல் அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர், "இந்தத் தண்ணியில எங்கட ஆடுகூடத் தாழாதே" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பயம் போன சிரிப்பு அது. நான் சிரித்த சிரிப்பு வேறு. அவர் என்னைப் பிடித்தார், இப்போது நான் அவரைப் பிடித்துவிட்டேன் என்ற சிரிப்பு. கையில் போன் தயாராக இருந்தது. காலரைப் பிடித்து இழுத்துவருவது, அவர் மணலில் உட்கார்ந்து வாந்தி எடுப்பது, விசிலிலிருந்து தண்ணீர் ஒழுகுவது எல்லாம் அதில் வந்தது.

அன்றிரவே அலுவலக வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேலே ஒரு தலைப்பு எழுதினேன்: 'பசறையிலிருந்து புறப்பட்ட கப்பல் மூழ்கியது.' வேடிக்கைக் கட்டுரைக்காரன் அல்லவா, அந்தத் தலைப்பில் எனக்கு ஒரே பெருமை. இரண்டு நாளில் பஸ்காரர்களின் குழுவுக்குப் போய், அங்கிருந்து தோட்டங்களுக்குப் போனது. என் சிரிப்புக்கு அதுவரை அத்தனை வாசகர்கள் கிடைத்ததில்லை.

அதன் பிறகு நீச்சல் தெரியாதவனோடு யார் கடலுக்கு ஆள் அனுப்புவார்கள்? பெயர் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். பாக்கியத்தின் புருஷன் வீடியோவைக் காட்டி, "இவன நம்பியா போகப் போற" என்று கேட்டு அவர் மைதானத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டான். பலகை இறங்கியது. முன்பு மரியாதைக்காகக் கப்பல் என்று கூப்பிட்டவர்கள் அதே பெயரை இப்போது வேறு மாதிரி இழுத்துக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். கோபப்படவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பசறை பஸ் நிலையத்தில் செல்வி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னு கேக்கணும் தம்பி. நான் விழுந்தப்ப நீங்க எங்க நின்னீங்க?"

"பக்கத்துலதான் அக்கா. ஒரு பத்தடி இருக்கும்."

"ஒங்களுக்கு நீச்சத் தெரியும்னு ஒங்க ஆபீசுக்காரங்க சொன்னாங்களே. நெசமா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் நீங்க வரல?"

என்னிடம் பதில் இருந்தது. கையில் போன் இருந்தது என்பதுதான் பதில். அந்தப் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "தெரியாத மனுசன் குதிச்சிச்சு. அது ஒங்க படத்துல இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போனார். உண்மைதான். அவர் குதித்த பிறகுதான் நான் படம் எடுக்க ஆரம்பித்திருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போனேன். கப்பல் அண்ணன் ஒரு சின்னப் பிள்ளையின் மூன்று சக்கர சைக்கிளைத் தலைகீழாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போது மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்க போட்டதுல பொய் ஒன்னும் இல்லையே தம்பி. எனக்கு நீச்சத் தெரியாதுதானே."

"பிறகு ஏன்ணே நடுவில் நீச்சல் உண்டுன்னு எழுதினீங்க?"

"எனக்குத் தெரியும்னு எழுதலையே." சக்கரத்தை ஒரு தடவை சுழற்றிவிட்டார். "எல்லாரும் பயந்தவங்க தம்பி. கரையில ஒருத்தனாவது பயப்படாத மாதிரி நிக்கணும்ல. நின்னேன்."

மறுபடி ஆரம்பிக்கலாம், நீச்சல் பகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன், எல்லாருக்கும் நடந்ததை நானே சொல்கிறேன் என்றேன். "பாக்கலாம்" என்றார். எங்கள் பக்கத்தில் பாக்கலாம் என்றால் இல்லை என்று பொருள். நடந்ததை முழுசாக எழுதி அதே வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். நான்கு பேர் படித்தார்கள். ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. பாக்கியம் இன்னும் கடலைப் பார்க்கவில்லை. என்னோடு வரச் சொல்லி லயத்துக்கே போய்க் கேட்டேன். "கப்பல் அண்ணன் கூட்டிட்டுப் போனா வாரேன்" என்றார். அண்ணன் இப்போது காற்றடிக்கிறார், பஞ்சர் ஒட்டுகிறார், மழை எப்போது விடும் என்று பேசுகிறார். கடலைப் பற்றி யாராவது கேட்டால் "அது அங்கதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்.

நான் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருக்கிறேன். பதுளையில் நான் இருக்கிற மேட்டில் அதை ஓட்ட முடியாது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, அதை பஸ்ஸில் ஏற்றிப் பசறைக்குக் கொண்டுபோகிறேன். செயினில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்கிறேன். செயினுக்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் போட்டு, பொறுமையாக மாட்டிக் கொடுக்கிறார். நான் கிளம்பும்போது, "இன்னும் கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யுது தம்பி, அடுத்த தடவையும் கொண்டாங்க" என்கிறார்.