எளநி அண்ணாத்தயின் இடது கை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழி நெடுக இளநீர்க் கடைகள்தான். ஆனால் தான் விற்கிற சரக்கையே குடித்தால் உயிர் போய்விடும் என்றிருந்த இளநீர்க்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்துக் கட்டில்.

அவருக்கும் சிறுநீரகம் வேலை செய்யாது, எனக்கும் செய்யாது. வாரம் மூன்று நாள் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மெஷினுக்குக் கொடுத்து, கழுவி வாங்கிக்கொண்டு வீடு திரும்புவோம். எங்களுக்கு இளநீர் ஆகாது. அதிலுள்ள பொட்டாசியம் வெளியேற வழியில்லாமல் உடம்பில் தங்கி இதயத்தையே நிறுத்திவிடும். இதை டாக்டர் சொன்னபோது, குடும்பத்தையே கேவலமாகப் பேசிவிட்டதுபோல் அண்ணாத்த முறைத்தாராம். கேஸ் ஷீட்டில் அவருக்கு வேறு பெயர் இருந்திருக்கும். நர்ஸ் உட்பட எல்லோருக்கும் அவர் எளநி அண்ணாத்ததான்.

குடிக்கத்தானே கூடாது, குடிப்பவர்களைப் பார்க்கலாமே என்று அவராக ஒரு வழி கண்டுபிடித்தார். வரும்போதே ஒரு குலையோடு வருவார். துணைக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, அவர்கள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு விசாரணை. ‘நல்லா இருக்கு’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

“நல்லா கீதுன்னா இன்னா அர்த்தம்? உப்பு தூக்கலா கீதா? கடைசி வாயில இனிச்சுதா?”

என் மனைவி அளந்து பேசுகிறவள். அவளே இவருக்குப் பயந்து இளநீரை வர்ணிக்கப் பழகிக்கொண்டாள். பத்திரிகையில் வருகிற என் எழுத்தைப் பற்றி அவள் அவ்வளவு வார்த்தை செலவழித்ததே கிடையாது.

எங்கள் கால் வீக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்து, உடம்பில் எத்தனை கிலோ தண்ணீர் ஏறியிருக்கிறது என்றும் சொல்வார். எடை மெஷின் ஒரு நாளும் அவரோடு ஒத்துப்போனதில்லை. மெஷினை ரிப்பேருக்கு அனுப்பச் சொல்லி நர்ஸிடம் சண்டை போடுவார்.

அவருடைய பெரிய சண்டை இடது கையோடுதான். டயாலிசிஸுக்குக் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைப்பார்கள். ஃபிஸ்டுலா என்று பெயர். விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரைதான் மெஷினுக்கு ரத்தம் கிடைக்கும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, ஓங்கி வெட்டக் கூடாது. அதனால் அதிகம் புழங்காத கையில் வைப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் அண்ணாத்தயிடம் எந்தக் கையால் சாப்பிடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். வலது கை என்று இவர் சொல்ல, இடது கையில் வைத்துவிட்டார்கள்.

அண்ணாத்த பிறவி இடக்கைக்காரர். சின்ன வயதில் தட்டில் இடது கையை வைத்தபோதெல்லாம் அம்மா போட்ட போட்டில் சோறு மட்டும் வலது கைக்கு மாறியிருந்தது. அரிவாள் மாறவில்லை.

“அந்தாளு சாப்புட்ற கைய கேட்டாரு, சொன்னேன் சார். வெட்ற கைய கேக்கவே இல்லியே.”

இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அரிவாளை வீசினால் ஃபிஸ்டுலா போகும், வீசாவிட்டால் கடை போகும்.

ஐம்பது வயதுக்கு மேல் வலது கைக்கு வெட்டச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். அவர் வெட்டிய காய்கள் அணில் கடித்துப் போட்டதுபோல் இருந்தன. சிறுசேரியிலிருந்து கார் போட்டு வந்த கம்பெனிப் பையன் ஒருவன் கூலிங் கிளாஸோடு குளித்துவிட்டுப் போனானாம். ‘அவனுக்குக் காசே வாங்கல சார், தலைக்கு ஊத்திகினதுக்கு இன்னா வாங்குறது’ என்றார். ஆனாலும் விடாமல் பழகினார். ஓரளவுக்குக் கைவரவும் செய்தது.

பொங்கல் லீவில் மாமல்லபுரம் போகிற கூட்டம் கடையை நெருக்கியது. காத்திருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். வலது கை வலித்தது. நாலே நாலு காய் என்று அரிவாளை இடது கைக்கு மாற்றினார். இருட்டும்வரை வெட்டியிருக்கிறார்.

அடுத்த முறை நர்ஸ் அவர் கையில் விரலை வைத்தார். பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ரத்தம் உறைந்து அடைத்திருந்தது.

அடைப்பை எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. வலது கையில் வைத்த ஃபிஸ்டுலாவும் தேறவில்லை. கடைசியில் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் வேர்வையும் தூசியும் பட்டால் கிருமி நேராக ரத்தத்துக்குள் போகும், கடைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று நர்ஸ் கெஞ்சினார். அண்ணாத்தயோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு என்னிடம் இடது கையை ஆட்டிக் காட்டினார்.

“கை ரிலீசு ஆயிட்சி சார்.”

திட்டினேன். வீட்டில் உட்காரச் சொன்னேன். “வூட்ல குந்திகினு யாருக்கு சார் வெட்றது?” என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் அவர் கடைக்குப் போனோம். கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தார். இடது கை அரிவாளை எடுத்ததுதான் தெரியும். சரக் சரக்கென்று சீவி, ஒரு சொட்டு சிந்தாமல் மனைவியிடம் நீட்டினார். அவள் வர்ணிக்கத் தயாராக இருந்தாள். அன்றைக்கு அவர் எதையும் கேட்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. கழுத்துத் துண்டு வேர்வையில் ஊறியிருந்தது.

பயந்தது நடந்தது. டயாலிசிஸ் நடுவில் ஒருநாள் அவருக்குக் குளிர் எடுத்துக் கட்டிலே ஆடியது. நர்ஸ் மெஷினை நிறுத்தி, கம்பளியைப் போர்த்திவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பக்கம் இருந்தது ஊசி ஏறிய என் இடது கை. அசைக்கக் கூடாது என்பதை மறந்து அதை அவரிடம் நீட்டப் போனேன்.

“ஆட்டாத சார், ஊசி பிச்சிக்கும்.” பற்கள் தந்தியடிக்க அவர் சொன்னார். “நீ அப்டியே இரு. நான் வரேன்.”

என் பக்கமாக ஒருக்களித்து, தன் இடது கையை நீட்டி, டியூபில் படாமல் என் விரல் நுனிகளைப் பிடித்துக்கொண்டார். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. என் கை மட்டும் ஆடாமல் பார்த்துக்கொண்டார். தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை விடவில்லை. அங்கிருந்து அவர் திரும்பி வரவில்லை.

ஜன்னலோரம் காற்றோட்டமாக வேறு கட்டில் தருகிறேன் என்கிறார் நர்ஸ். எனக்கு வேண்டாம். என் இடது கை அவர் படுத்திருந்த பக்கமே இருக்கட்டும்.