விலாசம் எழுதாதவர்களின் கட்டில்கள்

பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் மிகுந்த மரியாதையோடு எழுதிக்கொள்வது.

நீங்களும் வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்றே நம்புகிறேன். இங்கேயும் சௌக்கியம் என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒருக்களித்து நின்றபடி எழுதுகிறவனுக்கு அப்படிப் பொய் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் தங்கை கோபித்துக்கொண்டு அங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. அவள் என்ன சொன்னாளோ தெரியாது, என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

எல்லாம் உங்கள் மருமகன் செய்த வேலை. என் அருமை மகன் ஒரு மரச்சாமான் கம்பெனியில் ப்ரோகிராம் எழுதுகிறான் அல்லவா, ஜனங்கள் போனிலேயே கட்டிலும் மேசையும் வாங்குவதற்கு ஓர் ஆப் செய்தான். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு மாறி வேண்டுமாம். மாறி என்றால் பேர் ஒட்டிய டப்பா மாதிரி. பெயர், விலாசம், நிறம், அளவு என்று எல்லா டப்பாவையும் முதலிலேயே அறிவித்துவிட வேண்டுமாம். "அறிவிச்சா மட்டும் போதாதுப்பா, ஆரம்பத்துலயே உள்ள ஏதாவது போட்டு வைக்கணும். வாங்குற ஆளு ஒண்ணும் எழுதலன்னா அதையே எடுத்துக்கும். காலியா விட்டா ப்ரோகிராம் படுத்துரும்" என்றான். நிறத்துக்குப் பழுப்பு, அளவுக்குப் பெரிது, பெயருக்கு 'டெஸ்ட்' என்று போட்டான். விலாசத்துக்கு, சோதித்துப் பார்க்கிற அவசரத்தில், எங்கள் வீட்டு விலாசத்தைப் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோனான். ஆப் ஊரெல்லாம் பரவிவிட்டது.

விலாசத்தை எழுதாமலே பட்டனை அமுக்குகிற மனிதர்கள் உலகத்தில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை மச்சான். முதலில் ஓர் அலமாரி வந்தது, பெரிது, பழுப்பு. லாரிக்காரர் "டெஸ்ட் சார் வீடு இதானே?" என்றார். இல்லை என்றேன். "விலாசம் சரியாத்தானே சார் இருக்கு" என்று கூடத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். திருப்பி அனுப்பினோம், கிடங்கில் உரியவரைத் தேடியிருக்கிறார்கள், உரியவருக்குத்தான் விலாசமே இல்லையே, மறுநாள் அதே அலமாரி கதவில் ஒரு புதுக் கீறலோடு வந்து நின்றது. அப்புறம் கட்டில்கள், எல்லாம் பெரிது, எல்லாம் பழுப்பு. ஒரு புதுமணத் தம்பதி, எங்கே இறக்கினீர்கள் என்று கம்பெனியில் விசாரித்துத் தங்கள் கட்டிலைத் தேடி வந்து, விலாசம் எழுதாதது யார் குற்றம் என்று அதன் மேலேயே உட்கார்ந்து சண்டை போட்டார்கள். உங்கள் தங்கைதான் டீ கொடுத்து சமாதானம் செய்தாள். தங்கள் அறைக்குள் இது நுழையாது என்று கட்டிலை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார்கள். விலாசத்தை எடுத்துத் தொலையடா என்று மகனிடம் கெஞ்சினேன். ஓடுகிற ப்ரோகிராமில் மேனேஜர் சொல்லாமல் கை வைக்கக்கூடாதாம். மேனேஜரோ, "எல்லாச் சாமானும் டெலிவரி ஆயிருக்கே, அப்புறம் என்ன பிரச்சனை?" என்கிறாராம். தெருவில் எனக்கு இப்போது டெஸ்ட் சார் என்றுதான் பெயர்.

கடைசியாக ஒரு சாப்பாட்டு மேசை வந்து சமையலறை வழியை அடைத்தது. அதைத் தோளில் தாங்கி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்தப் பக்கம் நின்று உங்கள் தங்கை, "இந்த வீட்டுல எனக்கு நிக்கவே இடம் இல்ல. நான் அண்ணன் வீட்டுக்குப் போறேன், போகட்டுமா?" என்று கேட்டாள். வாயைத் திறந்தால் மேசை என் மேல் விழும், பேசாமல் இருந்தேன். கல்யாணமான நாள் முதல் நான் பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது அவள் வழக்கம். சுவருக்கு என்ன நிறம் அடிப்பது, மகனை என்ன படிக்க வைப்பது, எல்லாம் அப்படித்தான் முடிவானது. எனக்கும் அது சௌகரியமாகவே இருந்தது. மேசையை இறக்கி நான் நிமிர்ந்தபோது வாடகைக் கார் தெருமுனையைத் தாண்டிவிட்டது. மச்சான், நான் போகச் சொல்லவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு மூச்சு இல்லை, அவ்வளவுதான். வீடு நிறைய நாற்காலி கிடக்கிறது, அவள் இல்லாமல் ஒன்றிலும் உட்காரப் பிடிக்கவில்லை. அழுகையாக வருகிறது. எப்படியாவது நல்ல வார்த்தை சொல்லி அவளை அனுப்பிவையுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் குழந்தைகளுக்கு என் ஆசிகளையும் ஆள் மாறாமல் சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இடிந்துபோயிருக்கும் உங்கள் தங்கை கணவன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகன் வந்தான். மேனேஜர் ஒருவழியாக இறங்கி வந்துவிட்டாராம், எங்கள் விலாசத்தை எடுத்தாயிற்றாம். காலியாக விட முடியாதே, அந்த இடத்தில் என்னடா போட்டாய் என்று கேட்டேன். "வீட்டு விலாசம்தான்பா. அம்மா எங்க இருக்காங்களோ அதுதானே நமக்கு வீடு?" என்றான். அவனை அடிக்கலாம் என்று கை ஓங்கினேன், ஆனால் அவன் சொன்னதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், நீங்கள் அவளை அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கடிதம் வந்து சேரும் நேரத்தில், யாரோ இன்றைக்கு விலாசம் எழுதாமல் வாங்கிய ஒரு மாநாட்டு மேசை உங்கள் வாசலில் வந்து இறங்கும், பெரிது, பழுப்பு. அதைப் பார்த்ததும் அவளே கிளம்பிவிடுவாள். அதற்குள் இங்கே அவள் நிற்பதற்கு நான் இடம் செய்துவைக்கிறேன்.