களப்புக்குத் திரும்பிய சுவர்

தில்லையடியில் எங்கள் பக்கத்து வீட்டு லொறி நானாவைப்போலச் சந்தேகப்பட உலகத்தில் இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் நானா முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டிருப்பார். பாண் வாங்கினால் தட்டிப் பார்ப்பார். சலாம் சொன்னால் பதில் சொல்லிவிட்டு, "என்ன வேணும்?" என்பார்.

யுத்தம் முடிந்து ஊரெல்லாம் வீடு கட்டிய காலம் அது. நானா காட்டுக்குள் சுண்ணாம்புக்கல் உடைக்கும் இடத்தில் லொறி ஓட்டினார். கல்லெல்லாம் சீமெந்துக்குப் போகும். ஒருநாள் உடைந்த கல்லுக்குள் ஒரு சிப்பி இருந்தது. அன்றோடு அவருடைய நிம்மதி போயிற்று.

"தம்பி, காட்டுக்குள்ள சிப்பிக்கு என்ன வேலை?"

"அங்க முந்தி கடல் இருந்திரிக்கி நானா. சிப்பியெல்லாம் செத்துப் படிஞ்சுதான் இந்தக் கல்லாகுமாம்."

"அப்ப நம்மட சீமெந்து?"

"அதே சிப்பிதான்."

தலையில் கை வைத்துக்கொண்டார். "கடல்ட சாமானைக் கேக்காம எடுத்து வீடு கட்டிரிக்கோம். அது சும்மா இரிக்குமா?"

மகளின் நிக்காஹுக்காகப் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்டத் தொடங்கியிருந்தார். இடித்த சுவரையெல்லாம் கூடை கூடையாகச் சுமந்துபோய், கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கும் களப்பில் கொட்டினார். "அங்க கிடந்து மறுபடி கல்லாகட்டும்" என்றார்.

எங்கள் ஊரில் களப்போரம் கல் கொட்டினால் ஒரே அர்த்தம்தான். களப்பைத் தூர்த்துக் காணி பிடிக்கிறார்! அந்த நேரம் பார்த்து, கனமூலையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பா பெண் வீட்டை விசாரிக்க வந்தார். நானா கூடையும் கையுமாக அகப்பட்டார்.

புது வீடு முடியும்வரை அவர்கள் தங்கியிருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து சிப்பிக் கதையைச் சொன்னார். வந்தவர் நம்பவில்லை. "களப்பைப் பிடிக்கிற ஆள் நாளைக்கு என்ட மகன்ட காணியையும் பிடிப்பாரு. இந்தக் கலியாணம் சரிவராது" என்று எழுந்துவிட்டார்.

உலகத்தையே சந்தேகப்பட்டவர், தன்னை ஒருவர் சந்தேகப்பட்டதும் கையிலிருந்த வெறுங்கூடையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். உள்ளே மகள் விசும்புவது கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நில்லுங்க ஹாஜியார். செத்த சிப்பிக்கே நியாயம் பாக்கிற மனுசன் இவரு. உங்கட மகனையா ஏமாத்துவாரு?"

வந்தவர் நானாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப எங்கட வீடும் சிப்பியா?"

"சீமெந்து வீடுதானே? ஓம்."

வந்தவர் நானாவைப்போலவே தலையில் கை வைத்துக்கொண்டு மறுபடி கதிரையில் உட்கார்ந்தார். கலியாணம் நடந்தது.

அன்றிலிருந்து நானாவின் சந்தேகமெல்லாம் என்மீதுதான். "தம்பி, அன்டைக்கி எனக்காக என்னத்துக்குக் கதைச்சீங்க?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். அவரை எனக்கு நிரம்பப் பிடிக்கும், அதற்காகத்தான். இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நம்பமாட்டார்.