எங்கள் குடியை நான் லினக்ஸுக்கு மாற்றிய கதை

கணினி தெரியாதவனால் ஊருக்கு ஒரு கெடுதியும் இல்லை. தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன்தான் ஆபத்தான ஆள். யுத்தம் முடிந்த கையோடு, பெரியகல்லாற்றில் அந்த ஆள் நான். (வயது இருபத்திரண்டு, தலையில் ஜெல், சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு பென்டிரைவ்.)

சுனாமிக்குப் பிறகு உதவி செய்ய வந்த ஒரு வெள்ளைக்காரர் திரும்பிப் போகும்போது விட்டுச்சென்ற பழைய கணினி எங்கள் வீட்டில் இருந்தது. வைரஸ் தின்று மிச்சம் வைத்த சாமான். சுவிச்சைப் போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் குளித்து, தலை துவட்டி, தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தால் அப்போதுதான் கண் முழிக்கும்.

தன்னாமுனையிலிருந்த என் சிநேகிதன் ஒரு சிடி தந்தான். இது லினக்ஸ், வைரஸே வராது, போட்டுப் பார் என்றான். போட்டேன். சில நிமிடத்தில் மண்ணிறத்தில் புதுத்திரை வந்து நின்றது. மூலையில் ‘இன்ஸ்டோல்’ என்று ஒரு சின்னப் படம். அதுதான் ஏற்கெனவே வந்துவிட்டதே, இனி எதற்கு என்று அதைத் தொடவில்லை. (கண்டதையும் அமத்தினால் பழுதாகிவிடும் என்கிற ஞானம் வேறு.) நான் லினக்ஸுக்கு மாறிவிட்டேன் என்று அன்றைக்கே ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன்.

அது அம்மாவின் அண்ணன் காதுக்கும் போனது. மாமா, கோயில் நிர்வாகத்தில் எங்கள் குடியின் சார்பில் நிற்கிற வண்ணக்கர். குடி என்றால் வம்சம், எங்கள் பக்கத்தில் அது தாய்வழியாக வருவது. திருவிழாவில் எங்கள் குடிக்கென்று ஒதுக்கிய முறைநாளன்று ஒவ்வொரு வீட்டையும் அந்த வீட்டுப் பெண்ணின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திருநீறு கொடுப்பார்கள். பெயர் விடுபட்டால் குடியை விட்டே தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். பேரப்பிள்ளைகள் காலம்வரை முகம் பார்க்கமாட்டார்கள். கடலும் சண்டையும் எங்கள் சனத்தைத் திசைக்கொன்றாக எறிந்திருந்தன. மாமா மூன்று மாதம் சைக்கிளில் அலைந்து, வாவிக்கு அந்தப் பக்கம் கொக்கட்டிச்சோலைவரை தேடிப்போய், எல்லா வீடுகளையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்திருந்தார்.

அதைக் கணினியில் அடித்துத் தருகிறேன் என்று நானே வலியப்போய் வாங்கினேன். மூன்று நாள் அடித்தேன். கணினியை நிறுத்தவேயில்லை, நிறுத்தினால் அந்தக் கிழடு திரும்ப எழும்புமோ என்ற பயம். அதிசயமாகக் கரண்டும் போகவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் சேவ் பண்ணினேன், அம்மன் சத்தியமாக. முறைநாளுக்கு முதல்நாள் காலை வேலை முடிந்தது. கொப்பியை மாமியிடம் நீட்டி, இனி இது தேவையில்லை, எல்லாம் உள்ளே பத்திரம் என்றேன். மாமி கோயிலுக்கு வடை சுட்டுக்கொண்டிருந்தார். கொப்பியைத் தாள்தாளாகக் கிழித்து, பாதியை அடுப்புக்கும் மீதியை எண்ணெய் வடியவும் போட்டார். (அவர் வேறு குடி. அவருக்கென்ன.)

பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு களுவாஞ்சிகுடிக்குப் போய்ப் பிரிண்ட் எடுக்கலாம் என்று நான் குளித்து வெளிக்கிட்ட நேரம், ஏற்றுவதற்கு முதலே கரண்ட் போனது. அரை மணித்தியாலத்தில் திரும்ப வந்தது. அதே மண்ணிறத் திரையும் வந்தது, கூட்டிவிட்ட முற்றம் மாதிரி ஒன்றுமே இல்லாமல். சிநேகிதனுக்குப் போன் எடுத்தேன்.

“இன்ஸ்டோல் பண்ணினியா மச்சான்?”

“அது என்னத்துக்கு?”

அவன் சொன்னான்: “நீ இவ்வளவு நாளும் சிடியிலதான் ஓட்டியிரிக்காய், கணினிக்குள்ள ஒண்டும் பதியல்ல. கரண்ட் போனா எல்லாம் போயிரும்.”

மாமி வீட்டுக்கு ஓடினேன். வடைகளுக்கு அடியிலிருந்து ஆறு தாள்களை உயிரோடு மீட்டேன். எண்ணெய் வடிய வடிய அவற்றைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“மூணு மாசம் மனே,” என்றார். அவ்வளவுதான். இரண்டு அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு, “நாளைக்கு நீயே நிண்டு வாசி,” என்றுவிட்டு எழும்பிப் போனார்.

மறுநாள் காலை கோயில் நிறைந்த சனம். ஆறு தாளும் பத்து நிமிடத்தில் முடிந்தன. ஞாபகத்திலிருந்து இன்னும் கொஞ்சம் சொன்னேன். பிறகு ஒரு பெயரும் வரவில்லை. பின்னாலிருந்து ஒரு மீன்கார அக்கா கேட்டார்: “ஏன் மனே, என்னையும் கடல் கொண்டுபோயிற்று எண்டு நினைச்சிற்றியா?”

கோயிலே சிரித்தது. அவர் தன் பெயரைச் சொன்னார், பக்கத்து வீட்டுப் பெயரையும் சொன்னார். அதோடு ஆளுக்கு ஆள் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நான் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருவர் சுனாமியில் போய்விட்ட தன் மனைவியின் பெயரைச் சொன்னார். சிரிப்பு நின்றது. உயிரோடு உள்ளவர்களை மட்டுமே எழுதிய மாமாவின் கொப்பியில் அந்தப் பெயர் இருக்கவில்லை. நான் மாமாவைப் பார்த்தேன். “கூப்பிடு,” என்றார். கூப்பிட்டேன். அந்த மனுசியின் மகள் முன்னால் வந்து திருநீறு வாங்கினாள்.

எல்லாம் முடிந்தது என்று மாமா என் தோளில் கை வைத்தார். எனக்கும் பழைய திமிர் கொஞ்சம் திரும்பி வந்தது. விடுபட்ட ஆட்கள் யாராவது உண்டா என்று பெரிய மனுசன்போல் சத்தமாகக் கேட்டேன். முன்வரிசையில், முதல் பெயரிலிருந்தே கையேந்திக்கொண்டு நின்ற ஒரு பெண் கேட்டார்: “அப்ப நான் என்ன குடி மனே?”

என் அம்மா.

அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லையே, எப்படி ஞாபகம் வரும் என்று இன்றைக்கும் வாதாடிப் பார்க்கிறேன். எடுபடுவதில்லை. அந்த லினக்ஸைப் பிறகு ஒழுங்காக இன்ஸ்டோல் பண்ணினேன். வருடாவருடம் பட்டியல் அடிப்பதும் நான்தான். மாமாவின் கட்டளைப்படி முதல் பெயர் அம்மாவுடையது. ஆனாலும் முறைநாளன்று காலை அம்மா வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்று, “இந்த வருசம் நான் இரிக்கனா?” என்று கேட்பார். பிரிண்ட் எடுத்த தாளைக் கையில் கொடுத்தால்தான் கோயில் சாறியை வெளியே எடுப்பார்.