தோலுக்கு நடு எது

துக்க வீட்டில் பேசத் தெரியாதவன் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் எனக்கு இது தெரியாது. பி.ஏ. மட்டும் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு மழைக்காலம். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்காரர் விஷ ஜுரத்தில் போய்விட்டார். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். முந்தின நாளிலிருந்து அவள் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, அழவும் இல்லை. குடியாத்தத்திலிருந்து வரவேண்டிய போதகர் பாலாற்று வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டார். (வருஷமெல்லாம் மணலாகக் கிடக்கும் ஆறு, அன்றைக்கென்று ஓடியது.)

குழி தயாராக இருந்தது. அப்பா என் தோளைத் தொட்டார்.

"நீதான் படிச்சவன். அவ மனசு ஆறுற மாதிரி நாலு வார்த்த பேசுடா. எதுனா குடிக்கட்டும்."

அந்த வாரம்தான் பிரபஞ்சம் விரிகிறது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். விடுவேனா? இழப்பு அக்காவுக்கு மட்டுமல்ல, நட்சத்திரங்களுக்கும் உண்டு என்று முடிப்பதாக உத்தேசம். வந்திருந்தவர்கள் தோல் ஷாப்புக்காரர்கள் என்பதால் உதாரணமும் தோலிலேயே சொன்னேன்.

"ஈரத் தோலில் மைப் புள்ளிகள் வைத்து நாலு பக்கமும் இழுங்கள். எல்லாப் புள்ளியும் ஒன்றைவிட்டு ஒன்று விலகும். எந்தப் புள்ளியில் நின்றாலும் நாம்தான் நடு என்று தோன்றும். உண்மையில் நடுவே கிடையாது."

மேஸ்திரி காதர் பாய்க்குப் பொறுக்கவில்லை. "இன்னா தம்பி, தோலுக்கு நடு இல்லியா? முதுகுதானே நடு?"

"அது மாட்டுத் தோலுக்கு பாய். ஆட்டுத் தோலு வேற" என்றார் இன்னொருவர்.

பெட்டியை வைத்துக்கொண்டு சச்சரவு நடந்தது. அதற்கிடையில்தான் அக்கா முதல்முறையாக வாய் திறந்தாள்.

"அப்போ அவரு என்ன விட்டு தூரமா போய்க்கினே இருப்பாரா?"

பொய் சொல்லியிருக்கலாம். விஞ்ஞானம் தடுத்தது.

"ஆமாக்கா. தூரம் ஆக ஆக வேகம் ஜாஸ்தி."

அவள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. காதர் பாய்தான் அவள் வாயில் தண்ணீர் ஊற்றினார். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதன்பின் கல்யாணமோ கருமாதியோ, நான் எழுந்தாலே யாராவது, "நட்சத்திரம் வேணாம்டா, உக்காரு" என்று சட்டையை இழுப்பார்கள்.

நெருங்கி இருக்கும் நட்சத்திரங்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும், விலகாது என்று பிற்பாடு படித்தேன். அதைச் சொல்ல மூன்று தடவை அக்காவிடம் போனேன். மூன்று தடவையும் ஆரம்பிக்கும் முன்பே கையெடுத்துக் கும்பிட்டாள்.

போன மாதம் அவளை அவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தோம். நான் முன்னால் நகர்ந்ததும் அவள் மகள் என் கையைப் பிடித்தாள்.

"மாமா, நீங்க மட்டும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போய்ருக்காங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் பேசாமல் ஒரு பிடி மண் போட்டேன்.